நாம போன பிறகும் ஓடணும்



ஆண்டு மலர் என்றால் பிரிவைப் பற்றிப் பத்துக் கவிதை, ஊட்டி டூர் பற்றி ரெண்டு கட்டுரை, நடுவில் நகைச்சுவைத் துணுக்கு என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயம்தான். நான் லினக்ஸ் கெர்னலைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பன், "யாருடா படிப்பா?" என்றான். ஃபைல் தொலைத்தவன் படிப்பான் என்றேன். நம்ம கல்லூரியில் ஃபைல் தொலைக்காதவர் யார் இருக்கிறார்கள்?

போன வருஷம் மெக்கானிக்கல் சீனியர் ஒருத்தர், பம்ப் இம்பெல்லருக்கான பேட்டர்ன் ட்ராயிங்கை மூணு மாசம் உட்கார்ந்து வரைந்திருந்தார். மார்ச் மாசம் ஒருநாள் அந்த மெஷினின் ஹார்டு டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டது. அடுத்த நாள் அதுவும் இல்லை. பேப்பரில் மிஞ்சியிருந்த ரெண்டு பிரிண்ட் அவுட்டை வைத்துக்கொண்டு பதினோரு நாளில் எல்லாவற்றையும் திரும்ப வரைந்தார். வைவாவிலும் பாஸ் செய்துவிட்டார். ஆனால் அந்தப் பதினோரு நாளுக்குள்தான் அவருக்கு ஒரு கம்பெனி இன்டர்வியூ வந்தது. அவர் போகவில்லை. ஒரு டிஸ்க் செத்ததில் ஒருத்தருக்கு ஒரு வேலை போயிற்று. எங்கள் பிராஜெக்ட் இதிலிருந்துதான் பிறந்தது.

கேள்வி சுலபமானது. லேபில் நாற்பது கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு டிஸ்க். ஏன் ஒருத்தனுடைய ஃபைல் ஒரே ஒரு டிஸ்கில் மட்டும் இருக்க வேண்டும்? ரெண்டு மூணு மெஷின் சேர்ந்து, வெளியே பார்ப்பவனுக்கு ஒரே டிஸ்க் மாதிரித் தெரிந்து, அதில் ஒன்று படுத்தாலும் மற்றது தாங்கிக்கொள்ளக் கூடாதா?

எங்கள் ஊர் அன்னூர்ப் பக்கம். கூட்டுக் கிணறு என்றால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒரு கிணறு, மூணு பங்காளி, ஆளுக்கு இத்தனை நாள் என்று முறை. ஒருத்தர் முறையில் இன்னொருத்தர் மோட்டார் போடக் கூடாது. பங்கும் முறையும் சரியாக இருக்கிறவரைக்கும் கிணறு எல்லாருக்கும் தண்ணி கொடுக்கும். முறை தவறினால் வழக்குதான். பல கம்ப்யூட்டர் சேர்ந்து நடத்தும் ஃபைல் சிஸ்டமும் இதே கதை. யாரிடம் எந்தப் பங்கு, யார் எப்போது எழுதலாம், ஒருத்தர் வராவிட்டால் என்ன செய்வது என்ற மூன்று கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். ஆகவே கிளஸ்டர் என்பதை இந்தக் கட்டுரையில் 'கூட்டு' என்றே எழுதுகிறேன்.

சாதாரணக் கம்ப்யூட்டர்களைக் கூட்டுச் சேர்த்து வேலை வாங்கும் வழக்கம் புதிதல்ல. 1994ல் அமெரிக்காவின் நாசா கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் என்ற இருவரும் 16 சாதாரண 486 கம்ப்யூட்டர்களை லினக்ஸில் இணைத்து 'பேவுல்ஃப்' என்று பெயர் வைத்தார்கள். நம் மாநிலத்திலேயே, சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004ல் இயற்பியல் கணக்குகளுக்காக 144 மெஷின்களைக் கூட்டுச் சேர்த்து, 'கப்ரு' என்று ஒரு இமயமலைச் சிகரத்தின் பெயரை வைத்தார்கள்.

கணக்குப் போடுகிற வேலையைப் பிரித்துக் கொடுப்பது ஒரு பங்கு வேலை என்றால், ஃபைலைப் பிரித்து வைப்பது இன்னொரு பங்கு. அதற்குப் பெரிய ஆய்வகங்கள் நம்பியது 'லஸ்டர்'. லினக்ஸ், கிளஸ்டர் என்ற இரண்டு சொல்லும் சேர்ந்த பெயர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராம் என்பவர் 1999ல் தொடங்கிய வேலை. 2003 கடைசியில் முதல் பதிப்பு வெளியானது. இதில் ஒரு சர்வர் கணக்குப்பிள்ளை மாதிரி. ஃபைலின் பெயர், யாருடையது, எங்கே இருக்கிறது என்ற பேரேடு அதனிடம். சரக்கு மட்டும் வேறு சர்வர்களில், துண்டு துண்டாக.

எங்கள் பிராஜெக்டுக்கு நான் முதலில் கையில் எடுத்தது இதைத்தான். லஸ்டர் கெர்னலுக்குள்ளேயே குடியிருக்கும் ஆசாமி. கெர்னல் என்பது கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் ஏறி உட்கார்ந்து மெமரி, டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றையும் மேய்க்கும் மேஸ்திரி. பல வருஷங்களாக லஸ்டர் சர்வர் ஓட வேண்டுமானால் அந்த மேஸ்திரிக்கே ஒட்டுப் போட்டு, நாமே கம்பைல் செய்து ஏற்ற வேண்டியிருந்தது. இப்போது ஒட்டு இல்லாமலும் ஓட்ட வழி வந்துவிட்டது. ஆனாலும் இன்னின்ன கெர்னல் பதிப்போடு சோதித்தது என்று ஒரு பட்டியல் உண்டு. கெர்னல் மாறினால் அதற்கேற்ற மாட்யூலும் வேண்டும்.

ஒட்டுப் போட்ட கெர்னலைச் சொந்தமாகக் கட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்க முடியாது. மெனுவைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் தேர்வுகள். சவுண்டு கார்டு வேண்டாம், ஜாய்ஸ்டிக் வேண்டாம், அந்தக் காலத்து மோடம் வேண்டாம் என்று கழித்துக்கொண்டே வரலாம். எங்களுக்குக் கொடுத்தது லேபில் ஒதுக்கிப் போட்ட டூயல் கோர் பெட்டிகள். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கம்பைல் போட்டால் ஹாஸ்டல் மெஸ் மூடின பிறகுதான் முடியும். மூன்று வாரத்தில் நாங்கள் கட்டிய கெர்னல் ஏறியது, லஸ்டரும் ஓடியது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் இல்லை.

லேப் அண்ணன் வந்து பார்த்தார். இருபது வருஷமாக இந்த லேபைக் கட்டி மேய்ப்பவர். படிப்பு ஐ.டி.ஐ., அனுபவம் அதற்கு மேல் எவ்வளவோ.

"ஏந்தம்பி, நல்லா ஓடுதுங்களா?"

"அருமையா ஓடுதுங்கண்ணா."

"செரிங்க. நீங்க ஏப்ரல்ல பரீட்சை எழுதிப்போட்டுப் போயிருவீங்க. ஜூலையில இந்தப் பொட்டியில ஒண்ணு படுத்துக்கிச்சு, இல்ல ஏதோ அப்டேட் வந்து மாட்டிக்கிச்சுன்னா, நான் யாருகிட்டப் போயி நிக்கறதுங்க?"

அவர் குறை சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று ராத்திரி நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். செக்யூரிட்டி அப்டேட் வரும்போதெல்லாம் டிஸ்ட்ரிபியூஷன் ஒரு புதுக் கெர்னலைத் தரும். அதை ஏற்றினால் நாம் கட்டிய கெர்னல் போகும். ஏற்றாவிட்டால் ஓட்டை திறந்தே கிடக்கும். ஒவ்வொரு தடவையும் ஒட்டுப் போட்டுக் கட்டத் தெரிந்த ஆள் ஒருத்தர் லேபில் இருக்க வேண்டும். நம்மிடம் மூணு வருஷத்துக்கு ஒருமுறை ஆளே மாறிவிடுகிறார்கள்.

இது நம்ம லேபுக்கு மட்டும் வந்த வெசனம் அல்ல. லஸ்டரின் கிளையன்ட் பகுதியை 2013ல் லினக்ஸ் கெர்னலின் 'ஸ்டேஜிங்' என்ற திண்ணையில் சேர்த்துக்கொண்டார்கள். திண்ணையில் இருப்பதைச் செப்பனிட்டால்தான் வீட்டுக்குள் விடுவார்கள். ஐந்து வருஷம் ஆகியும் அது உள்ளே போகிற அளவுக்குத் தேறவில்லை. 2018ல் வெளியே எடுத்துவிட்டார்கள். லஸ்டர் இன்றும் உலகத்தின் பெரிய பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்களில் தனியாக வளமாகவே ஓடுகிறது, ஏனென்றால் அங்கே அதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. நம்மிடம் லேப் அண்ணன் ஒருத்தர்தான்.

அப்போதுதான் இரண்டாவது வழியைப் பார்த்தோம். அதைப் போட்டவர் நம்ம பக்கத்துப் படிப்புக்காரர் என்பது தெரிந்ததும் கூடுதல் மகிழ்ச்சி. ஆனந்த் பாபு பெரியசாமி. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர். அமெரிக்கா போய், கலிஃபோர்னியா டிஜிட்டல் என்ற கம்பெனியில் தொழில்நுட்பத் தலைவராக இருந்து, லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துக்காக 'தண்டர்' என்ற கூட்டைக் கட்டியவர்களுக்குத் தலைமை தாங்கினார். 1,024 மெஷின், மெஷினுக்கு நாலு இட்டானியம் பிராசசர், ஆக 4,096. 2004 ஜூன் மாத உலகப் பட்டியலில் அதற்கு இரண்டாம் இடம். முதல் இடம் ஜப்பானின் எர்த் சிமுலேட்டருக்கு.

அதன் பிறகு 2005ல் ஹிதேஷ் செல்லானியோடு சேர்ந்து அவர் தொடங்கிய கம்பெனியிலிருந்து வந்ததுதான் 'குளஸ்டர் எஃப்.எஸ்.' ஜி.என்.யு. என்ற பெயரையும் கிளஸ்டர் என்ற சொல்லையும் ஒட்டவைத்த பெயர். வேலையில் பெரும்பகுதி பெங்களூரில் நடந்தது.

அவர்கள் எடுத்த முக்கியமான முடிவு, கெர்னலைத் தொடுவதில்லை என்பது. சாதாரண நிரல் மாதிரி வெளியே ஓடும். கெர்னலோடு பேச 'ஃபியூஸ்' என்ற வாசல். மிக்லோஷ் செரெடி எழுதிய அந்த வாசல் 2005ல் வந்த 2.6.14 பதிப்பு முதல் லினக்ஸோடு கூடவே வருகிறது. கெர்னல் மாறினாலும் வாசல் மாறாது. அப்டேட் போட்டு, ரீபூட் செய்து, டீ குடித்துவிட்டு வரலாம்.

சும்மா கிடைக்குமா? விலை உண்டு. ஒரு ஃபைலைப் படிக்கக் கேட்டால், கேள்வி கெர்னலுக்குப் போய், வாசல் வழியாக வெளியே குளஸ்டருக்கு வந்து, அது மறுபடி கெர்னல் வழியாகத்தான் நெட்வொர்க்குக்குப் போக வேண்டும். தாலுகா ஆபீசில் ஃபைல் மேசை மேசையாகப் போகிற மாதிரி. ஒரு பெரிய ட்ராயிங் ஃபைலுக்கு இது உறைக்காது. ஆயிரக்கணக்கில் பொடிப்பொடி ஃபைல் உள்ள புரோகிராம் ஃபோல்டரைத் திறந்தால் நன்றாக உறைக்கும். எங்கள் டிபார்ட்மென்ட் பசங்களிடம் ஜிப் போட்டு வைக்கச் சொல்லிவிட்டோம்.

சரி, கட்டிய கதைக்கு வருகிறேன். எங்களிடம் உருப்படியாக இருந்தது 500 ஜி.பி. டிஸ்க் உள்ள பெட்டி ரெண்டு. ரெண்டிலும் ஒரே சரக்கை வைத்தால் போதுமே என்றுதான் யாருக்கும் தோன்றும். சோதித்துப் பார்ப்போம் என்று பிராஜெக்டுக்கு வெளியே சும்மா ஒரு ஜோடி கட்டினோம். ஒன்றைப் பிடுங்கிவிட்டு, மற்றதில் ஒரு ஃபைலைத் திருத்தினோம். அதையும் அணைத்து, பிடுங்கியதை உயிர்ப்பித்து, அதே ஃபைலை வேறு மாதிரி திருத்தினோம். பிறகு ரெண்டையும் ஓடவிட்டால், இது 'நான் வைத்திருப்பதுதான் சரி' என்கிறது, அதுவும் 'நான் வைத்திருப்பதுதான் சரி' என்கிறது. ஃபைலைத் திறக்கப் போனால் 'இன்புட் அவுட்புட் எர்ரர்'. இதற்கு 'ஸ்பிளிட் பிரெயின்' என்று பெயர். கரண்ட் முன்னும் பின்னும் போய் வரும் லேபில் இது புத்தகத்து ஆபத்து அல்ல. என்றாவது நடந்தே தீரும்.

அண்ணன் தம்பி ரெண்டு பேர் வரப்புக்குச் சண்டை போட்டால் அவர்களே தீர்த்துக்கொள்ள முடியாது. சாட்சிக்கு மூணாவது ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெரிய பண்ணையம் இருக்க வேண்டியதில்லை. என்ன நடந்தது என்று தெரிந்திருந்தால் போதும். குளஸ்டரில் இதை 'ஆர்பிட்டர்' என்கிறார்கள். 2015ல் வந்த 3.7 பதிப்பில் சேர்த்தார்கள். ஃபைலின் பெயரையும், அதில் என்ன மாறுதல் பாக்கி இருக்கிறது என்ற குறிப்பையும் மட்டும் வைத்துக்கொள்ளும், சரக்கு கிடையாது. ஆகவே யாரும் சீண்டாத 40 ஜி.பி. டிஸ்க் பெட்டி ஒன்றை எடுத்துச் சாட்சியாக உட்கார வைத்தோம். மூன்றில் ரெண்டு பேராவது இருந்தால்தான் எழுத விடும். ஒற்றை ஆள் மிச்சமிருந்து தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளும் பேச்சே இல்லை.

ஓட்டிப் பார்த்ததில் தெரிந்த சில விஷயங்களை அடுத்து வருபவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினால் முக்கால் நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக எல்லார் ஸ்கிரீனும் உறைந்து நிற்கும். பயப்பட வேண்டாம். போன ஆள் திரும்புவாரா என்று 42 விநாடி காத்திருப்பது அதன் வழக்கம். பிறகு தானே ஓடும்.

பெட்டி திரும்பி வந்ததும் விட்டுப்போன மாறுதலை மற்றவர்களிடம் கேட்டு அதுவே நிரப்பிக்கொள்ளும். பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதுவே சுற்றிப் பார்க்கும்.

எழுதும்போது மெதுவாக இருந்ததற்குக் காரணம் டிஸ்க் அல்ல, பழைய ஸ்விட்ச். 100 மெகாபிட் என்றால் விநாடிக்குப் பன்னிரண்டரை எம்.பி.தான். எழுதுகிற கம்ப்யூட்டரே ஒரே சரக்கை ரெண்டு பெட்டிக்கும் ரெண்டு தடவை அனுப்புவதால் கைக்குக் கிடைப்பது ஆறு. காந்திபுரத்தில் 1,500 ரூபாய்க்குள் ஒரு ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கி மாட்டியதும் புகார் நின்றது.

கடைசியாக ஒன்று, இதை மனப்பாடம் செய்யுங்கள்: ரெண்டு பிரதி இருப்பது பேக்கப் ஆகாது. ஒருத்தன் ஃபைலை அழித்தால் ரெண்டிலும் ஒழுங்காக அழியும். அதனால் சனிக்கிழமைதோறும் வெளி டிஸ்கில் தனியாக ஒரு காப்பி எடுத்துப் பீரோவில் பூட்டுகிறோம்.

இனி லேப் அண்ணன் கேள்வியைக் குளஸ்டரிடமே கேட்டுப் பார்ப்போம். அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? 2011 அக்டோபரில் ரெட் ஹாட் கம்பெனி குளஸ்டரை 13 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்கியது. பெரியசாமி பிறகு 2014ல் 'மினியோ' என்ற வேறு சேமிப்பு நிரலைத் தொடங்கப் போய்விட்டார். குளஸ்டரை வைத்து ரெட் ஹாட் விற்றுவந்த சேமிப்புப் பொருளுக்கு ஆதரவு 2024 டிசம்பர் 31ஓடு முடிந்தது. நிரல் திறந்த நிரலாகவே இருக்கிறது. ஆனால் பின்னால் நின்ற பெரிய கை விலகிவிட்டது. ஆக, அங்கேயும் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வைவாவில் எங்கள் சாரும் இதையேதான் கேட்டார்: "அப்படி இருக்கும்போது எதுக்குய்யா இதை எடுத்தீங்க?"

எங்கள் பதிலை இங்கே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையின் சாரமே அதுதான். எங்கள் கூட்டில் குளஸ்டர் ஃபைலை வெட்டுவதில்லை. ரெண்டு பெட்டியிலும் முழு ஃபைலாக, அதே பெயரில், சாதாரண எக்ஸ்.எஃப்.எஸ். டிஸ்கில் கிடக்கிறது. நாளைக்கே குளஸ்டர் என்ற நிரல் உலகத்தில் இல்லாமல் போனாலும், அந்த டிஸ்கைக் கழற்றி வேறு லினக்ஸ் மெஷினில் மாட்டினால் ட்ராயிங் அப்படியே இருக்கும். முதலில் பார்த்த லஸ்டரில் பெயர் ஒரு சர்வரில், சரக்கு வேறு சர்வரில். கூட்டு கலைந்தால் டிஸ்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் படிக்க முடியாது. வேகத்தில் அது ராஜா. எங்களுக்கு வேகத்தைவிட, எல்லாரும் போன பிறகும் லேப் அண்ணன் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு சமாளிக்க முடிய வேண்டும் என்பது முக்கியம்.

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செய்முறையை எழுதி வெச்சிருக்கீங்களா?" என்றார்.

எழுதியிருந்தோம். நூறு பக்க நோட்டு, முழுவதும் தமிழில். டிஸ்க் செத்தால் என்ன செய்வது, பெட்டியே செத்தால் என்ன, ஸ்விட்ச் செத்தால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். எழுதினால் மட்டும் போதாது என்று ஒரு சனிக்கிழமை இரண்டாமாண்டுப் பசங்க மூணு பேரிடம் நோட்டைக் கொடுத்து, ஒரு பெட்டியின் டிஸ்கைக் கழற்றி ஒளித்துவைத்துவிட்டு, நாங்கள் நாலு பேரும் கேன்டீனுக்குப் போய்விட்டோம். போன் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. லேப் அண்ணன் மட்டும் கூட இருந்தார்.

இரண்டரை மணி நேரம் ஆயிற்று. புது டிஸ்க் மாட்டி, ஃபார்மட் செய்து, கூட்டில் சேர்த்து, சரக்கு நிரம்ப ஆரம்பித்திருந்தது. அத்தனை நேரமும் மெக்கானிக்கல் பசங்க பக்கத்து லேபில் ட்ராயிங் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தேன். 31ஆம் பக்கத்தில் என்னுடையது அல்லாத கையெழுத்தில் ஒரு வரி: 'ஸ்விட்ச் ஆறாவது போர்ட் லூஸ். அதில் மாட்டாதீர்கள்.' எனக்குத் தெரியாத விஷயம் அது. இன்னொரு பக்கத்தில் லேப் அண்ணன் பச்சை மையில் பீரோ சாவி எங்கே இருக்கும் என்று எழுதியிருந்தார்.

நண்பர்களே, படிப்பு முடிந்து போகிறோம். சிலர் பீளமேட்டுக் கம்பெனிகளுக்கு, சிலர் திருப்பூருக்கு, சிலர் மேல்படிப்புக்கு. போகிற இடத்தில் உங்களால் மட்டுமே ஓட்ட முடிகிற ஒன்றைக் கட்டினால் கொஞ்ச நாள் பெரிய ஆள் ஆகலாம். லீவு போட முடியாது, அவ்வளவுதான். அடுத்தவன் ஓட்டுகிற மாதிரிக் கட்டுங்கள்.

லேபுக்கு வரப்போகும் தம்பி தங்கைகளே, நோட்டு பீரோவின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக, நோட்டின் முதல் பக்கத்தில் உள்ள கட்டளையைப் போட்டு, நிரப்ப வேண்டிய பாக்கி எத்தனை என்று பாருங்கள். மூணு பெட்டிக்கும் பூஜ்யம் என்று வந்தால் டீ குடிக்கப் போகலாம்.

— மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல்